அடுத்த வீட்டு ரேட்டு

மணி பத்து ஆனதும் அடுத்த வீட்டு அபினா அறைக்கதவை அடைத்துக்கொண்டாள். அடுக்களைச் சன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த நேசபாய்க்கு உள்ளுக்குள் குறுகுறுத்தது. இன்றைக்கும் ஆரம்பித்துவிட்டாள்.

காதில் வயரை மாட்டிக்கொண்டு, திரைச்சீலைக்குப் பின்னால் உட்கார்ந்து, சாயங்காலம் வரைக்கும் பேச்சு. புருஷன் ஜெபிஷ் மஸ்கட்டில் இருக்கிறான், பகல் முழுக்க அவனுக்கு டூட்டி. அப்படியானால் இவள் பேசுவது யாரோடு? மாமியார்க்காரி சத்தியபாயிடம் ஜாடையாகக் கேட்டுப் பார்த்தாள் நேசபாய். அவளுக்கு ஆயிரம் ஜோலி கிடக்கும் என்று சத்தியபாய் சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

உண்மையைச் சொல்வதென்றால் நேசபாய்க்குப் பொறாமை. பெங்களூரில் இருக்கும் தன் மருமகள் கிறிஸ்துமஸுக்கு ஒரு தடவை போன் செய்தால் பெரிய காரியம். சத்தியபாய்க்கு வாய்த்ததோ, கல்யாணமாகி வந்த மூன்றே மாதத்தில் மாமியாரை ஸ்கூட்டரில் உட்காரவைத்துக் கருங்கல் ஊர்ச் சந்தைக்குக் கூட்டிப்போகிற மருமகள். நேசபாயைக் கண்டால் ஒரு சிரிப்போடு சரி, பேச்சு கிடையாது. யாருக்குத்தான் வயிறு எரியாது?

அந்த எரிச்சலில் எண்ணெய் ஊற்றியது போன வாரத்துச் சர்ச் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம். டிவியும் நெட்டும் சேர்த்துத் தங்கள் வீட்டுக்கு மாதம் எழுநூறுதான் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள் சத்தியபாய். மருமகள் பேசி வாங்கிக்கொடுத்தாளாம். அதே கம்பெனிக்கு நேசபாய் கட்டுவது ஆயிரத்து நூறு.

நேசபாயின் ஒரு வருஷ பிளான் நாளையோடு முடிகிறது. பேரம் பேச இதைவிட்டால் வேறு நாள் கிடையாது. போனை எடுத்துக் கம்பெனி நம்பரை அழுத்தினாள். கால் மணிநேரம் பாட்டுக் கேட்டபிறகு ஒரு பெண்குரல் வந்தது. செய்தி வாசிக்கிற தமிழில் வணக்கம் சொல்லி, நேசபாயின் பெயரையும் முகவரியையும் வாசித்துச் சரிபார்த்தது.

எடுத்த எடுப்பிலேயே வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசினாள் நேசபாய். எழுநூறுக்குத் தந்தால் இருப்பேன், இல்லையென்றால் நாளைக்கே வயரை அறுத்துவிடுவேன். அடுத்த வீட்டுக்கு ஒரு ரேட்டு, எனக்கு ஒரு ரேட்டா? அவள் வீட்டுக்கு மட்டும் நெட் என்ன ஓசியிலா வருகிறது? அது வேறு சலுகை மேடம் என்று அந்தக் குரல் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தது. நேசபாயா கேட்பாள்?

தெருவில் மீன்காரர் வண்டியின் ஹாரன் விடாமல் அடித்தது. நேசபாய் எழுந்துபோய்ச் சன்னலைச் சாத்தினாள். அப்போதும் போனுக்குள் அந்தப் பாம் பாம் ஓயவில்லை. சவம், லைனும் சரியில்லை என்று முனகிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து பிடித்தாள்.

பேச்சு வேகத்தில் அவளுக்கு ஒரு யோசனை உதித்தது. இந்தப் பெண் சென்னையில் எங்கோ உட்கார்ந்திருப்பவள். இவளிடம் எதைச் சொன்னாலும் ஊருக்குள் வந்து சேரப்போவதில்லை. நேசபாய் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மோளே, அடுத்த வீட்டுக்க நம்பரும் உனக்க கம்ப்யூட்டர்ல காணும்லா? அங்க புதுசா கெட்டிட்டு வந்த பெண்ணு ஒருத்தி. பகலு முச்சூடும் கதவ அடச்சிட்டு எவன்கூடயோ பேச்சு, சிரிப்பு. யாருகூடன்னு பாத்துச் சொல்லுவியா?"

மறுமுனையில் கீபோர்டு தட்டுகிற சத்தம் நின்றது. நேசபாய் விடவில்லை. ஜெபிஷின் மஸ்கட் நம்பர் தன்னிடம் இருக்கிறது, வாய்ஸ் மெசேஜ்கூடப் பேசி வைத்தாயிற்று, அந்தக் கள்ளப்பயலின் பெயர் மட்டும் கிடைத்தால் சேர்த்து அனுப்பிவிடலாம் என்றாள். பாவம் ஜெபிஷ், வெயிலில் கிடந்து உழைக்கிறான். அவன் குடும்பத்தைக் காப்பாற்ற ஒருத்தராவது வேண்டாமா? சொல்லச் சொல்ல நேசபாய்க்குத் தன்மேலேயே மதிப்பு கூடியது.

"ஒரு நிமிடம் லைனில் இருங்கள் மேடம்."

மறுபடியும் பாட்டு. ஒரு நிமிடம் ஐந்து நிமிடமாயிற்று.

திரும்பி வந்தபோது அந்தக் குரல் ஜலதோஷம் பிடித்ததுபோல் கம்மியிருந்தது. பழைய வாடிக்கையாளர் என்பதால் மேலதிகாரியிடம் பேசிச் சிறப்பு அனுமதி வாங்கியிருப்பதாகவும், இனி டிவியும் நெட்டும் சேர்த்து மாதம் அறுநூற்றைம்பதுதான் என்றும் சொன்னது. சொல்லி முடிக்கும் முன்பே போனில் அதற்கான மெசேஜும் வந்து விழுந்தது.

அறுநூற்றைம்பது! சத்தியபாயைவிட ஐம்பது ரூபாய் குறைவு. ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் இதைச் சொல்லும்போது அவள் முகம் போகிற போக்கை நினைத்து நேசபாய்க்கு இருப்புக்கொள்ளவில்லை. அதற்காகக் கேட்ட கேள்வியை மறக்கிற ஆளா அவள்?

"நீ நல்லா இருப்ப மோளே. இனி நான் கேட்டதச் சொல்லு. அந்தப் பெண்ணு கதவ அடச்சிட்டு யாருகூடயாக்கும் பேசுதா?"

செய்தி வாசிக்கிற தமிழை விட்டுவிட்டு, அந்தக் குரல் மெதுவாகச் சொன்னது.

"இப்ப உங்ககூடத்தான் மாமி."