சொக்கலிங்கத்தின் கம்ப்யூட்டர்

கடவுச்சொல் கேட்காமலே கம்ப்யூட்டர் திறந்துகொண்டதும், பக்கத்து வீட்டுத் தாமரைக்கு மூச்சே நின்றுவிட்டது.

சுண்டுவிரல் நீளத்தில் ஒரு பென்டிரைவ். அதைச் சொருகிக் கம்ப்யூட்டர் கடைப் பையன் குரு நாலு பொத்தான்களைத் தட்டினான். அவ்வளவுதான். செத்துப்போன மனுஷன் நான்கு வருஷமாகப் பூட்டி வைத்திருந்ததெல்லாம் பந்தியில் இலை போட்ட மாதிரி வரிசையாகத் தெரிந்தது.

மந்திரமெல்லாம் இல்லையாம். பழைய சிஸ்டத்தை எழுப்பாமல், பென்டிரைவுக்குள் இருக்கும் வேறொரு சிஸ்டத்தை வைத்துக் கம்ப்யூட்டரை ஓட்டுகிறானாம். காவல்காரன் தூங்கும்போது பின்வாசல் வழியாக நுழைகிற மாதிரி. தாமரைக்கு அந்த விளக்கம் ரொம்பப் பிடித்துப்போயிற்று.

சொக்கலிங்கம் ரயில்வேயில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பிரிக்பீல்ட்ஸ் ஃபிளாட்டின் அந்த நடு அறையில், கதவைச் சாத்திக்கொண்டு அவர் எதையோ தட்டித் தள்ளியது நான்காவது மாடி முழுவதற்கும் தெரியும். எதைத் தட்டினார் என்பதுதான் தெரியாது. சர்க்கரை கேட்கிற சாக்கில் தாமரை இரண்டு தடவை உள்ளே போய்ப் பார்த்தாள். இரண்டு தடவையும் அவர் திரையை அந்தப் பக்கம் திருப்பிவிட்டார். சர்க்கரை மட்டும் கிடைத்தது.

"என் வாழ்க்கை வரலாறும்மா. நான் போனப்புறம் படி" என்று மகள் ரேஷ்மாவிடம் சொன்னவர், பாஸ்வேர்டைச் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டார்.

ரேஷ்மா ஒற்றைக் காலில் நின்றாள். பதினாறாம் நாள் காரியத்தில் எல்லா வீட்டிலும் தேவாரப் புத்தகம் கொடுப்பார்கள். தன் அப்பாவின் காரியத்தில் அவரே எழுதிய புத்தகத்தைத்தான் கொடுக்க வேண்டும். கிள்ளான் அச்சகக்காரர் நாளைக் காலைக்குள் கேட்டிருந்தார். அப்பா இவளுக்கென்று விட்டுப் போனதும் அது ஒன்றுதான்.

சொக்கலிங்கத்தின் மனைவி கிருஷ்ணம்மாள் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இதிலெல்லாம் என்ன தெரியும்? கரண்டு பில்லையும் கிளினிக் கடிதத்தையும் பதினோரு வருஷமாகப் படித்துச் சொல்கிறவளே தாமரைதான்.

"இந்த இன்ஸ்டால் பட்டன மட்டும் யாரும் தொட்டுறாதீங்க லா" என்றான் குரு. "டிஸ்க்க மொத்தமா அழிச்சிட்டுப் புதுசாப் போட்டுரும். அங்கிள் எழுதுனதுல ஒரு எழுத்து மிஞ்சாது."

"எது தம்பி?" என்று கேட்டாள் கிருஷ்ணம்மாள்.

குரு நல்ல பிள்ளை. அம்புக்குறியைக் கொண்டுபோய் நிறுத்திக் காட்டினான்.

பிறகு ஃபோல்டரைத் திறந்தான். இருபத்திரண்டு அத்தியாயங்கள். பள்ளி நாட்கள். முதல் வேலை. ரேஷ்மா பிறந்தாள். ஒன்பதாவதாக, ரவாங் வீடு.

"ரவாங்ல நமக்கு ஏதும்மா வீடு?" என்றாள் ரேஷ்மா.

தாமரை நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

"கீழ ஹாரன் அடிக்கிறாங்க. தம்பி காரா இருக்கும், பாரு" என்றாள் கிருஷ்ணம்மாள்.

குருவின் கார்தான். இன்னொரு காரை மறித்து நிறுத்தியிருந்தான். பிரிக்பீல்ட்ஸில் வேறெப்படி நிறுத்துவது? நகர்த்திவிட்டு, காப்பி எடுக்கிற பெரிய டிஸ்க்கையும் காரிலிருந்து கொண்டுவருகிறேன் என்று ஓடினான். லிஃப்ட் வழக்கம்போல் படுத்திருந்தது. கீழே மாட்டிக்கொண்ட கார்க்காரர் கத்த, இவன் பதிலுக்குக் கத்த, தாமரையும் ரேஷ்மாவும் வெளியே வந்து வராந்தாக் கம்பியில் சாய்ந்து நின்றார்கள்.

பதினைந்து நிமிஷம். சண்டையைக் குறை சொல்ல முடியாது, நன்றாகவே இருந்தது.

மூச்சிரைக்க மேலே வந்த குருவின் கையிலிருந்து டிஸ்க் நழுவித் தரையில் விழுந்தது.

திரையில் ஒரு கோடு நகர்ந்துகொண்டிருந்தது. அறுபத்திரண்டு சதவீதம்.

"அம்மா! என்னம்மா பண்ணுன?"

"கை பட்டிருச்சு போல" என்றாள் கிருஷ்ணம்மாள்.

ரேஷ்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எழுபத்தொன்று, எழுபத்தைந்து என்று கோடு ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாமரை அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, "திட்டாத ரேஷ்மா, பாவம், அக்காவுக்கு என்ன தெரியும்" என்றாள். ஒன்பதாம் அத்தியாயம் போனதில் அவளுக்கும் நஷ்டம்தான்.

குரு மட்டும் கீழே விழுந்த டிஸ்க்கை எடுத்துத் துடைத்தான்.

இன்ஸ்டால் எத்தனை கேள்வி கேட்கும் என்று அவன் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தான். எந்த மொழி என்று கேட்கும். எந்த விசைப்பலகை என்று கேட்கும். டிஸ்க்கை அழிக்கலாமா என்று கேட்கும். நிச்சயமாகவா என்று இன்னொரு தடவை கேட்கும். உன் பெயர் என்ன, கடவுச்சொல் என்ன, அதையே மறுபடியும் தட்டு. எல்லாம் ஆங்கிலத்தில்.

கை பட்டு ஒரு கேள்வி தாண்டலாம். ஏழும் தாண்டாது.

கோடு நிறைந்தது. பென்டிரைவை எடுக்கச் சொன்னது, எடுத்தான். கம்ப்யூட்டர் ஒருமுறை அணைந்து எழுந்தது.

திரை நடுவில் ஒரே ஒரு பெயர். ஆங்கிலத்தில், ஓர் எழுத்துப் பிசகாமல், புருஷன் பெயர் ஒட்டாமல்: கிருஷ்ணம்மாள். அதன் கீழே கடவுச்சொல்லுக்கு ஒரு கட்டம்.

தாமரை ஓர் அடி பின்வாங்கினாள். பதினோரு வருஷக் கடிதங்கள். படிக்கும்போது அவள் விட்டுவிட்டுச் சொன்னவை எத்தனை, சொந்தமாகச் சேர்த்துச் சொன்னவை எத்தனை!

கிருஷ்ணம்மாள் நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். விரல்களை விசைப்பலகைமேல் வைத்தாள்.

"எல்லாரும் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க" என்றாள். "தாமர, நீயுந்தான்."