ஓடாத நாட்கள்

"ஏனுங்க பிரான்சிஸ், நாலு நாள் நல்லா ஓடுது. அஞ்சாம் நாள் காலைல ஸ்டார்ட்டே ஆகமாட்டேங்குது!" பாலுசாமி வாசலிலேயே சலித்துக்கொண்டார்.

மெக்கானிக் பிரான்சிஸ் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். "பழைய காருங்க. சாயங்காலம் வரைக்கும் ஓட்டிப் பார்த்தாத்தான் கோளாறு பிடிபடும்."

இரண்டு மாதமாக இதே பாட்டுதான். பாலுசாமி கோவை கணபதியிலிருந்து டவுன் பஸ்ஸில் நசுங்கி ஆபீஸ் போனார்.

அன்று மாலை காந்திபுரத்தில் பஸ்ஸுக்கு நின்றவர் முன்னால் அவருடைய கார் வந்து நின்றது. ஓட்டி வந்தவள் மனைவி தெய்வானை!

"லைசென்ஸ் வாங்கிப்போட்டேனுங்க! பிரான்சிஸ் அண்ணன்தான் கத்துக்குடுத்தாரு. கேட்டா உடமாட்டீங்கன்னு, நான்தான் காலைல ஒயரைக் கழட்டி உட்டேன்."

பாலுசாமிக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. பக்கத்து சீட்டில் ஏறிச் சாய்ந்துகொண்டார்.

"ஊட்டுக்கு அப்புறம் போலாம். மொதல்ல மருதமலைக்கு உடு, அம்மணி!"