ரெண்டு காலும் தரையில் இல்லை

'டாங்!'

கடைசிச் சுற்றுக்கான மணி அடித்ததும் உள்ளரங்கமே எழுந்து நின்றது. முன்னால் வந்துகொண்டிருந்த இளைஞனின் வேகநடையில் பழைய தேசிய சாதனை ஆட்டம் கண்டுகொண்டிருந்தது.

அந்தச் சாதனைக்குச் சொந்தக்காரரான முன்னாள் வீரர், இருப்புக்கொள்ளாமல் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"நடுவரே! அவன் நடக்கலை, ஓடுறான்! ரெண்டு காலும் ஒண்ணா தரையை விட்டுக் கிளம்புது! சிவப்பு அட்டையைக் காட்டுங்க!"

"அப்பா, மானத்தை வாங்காதீங்க. நடுவருக்கும் கண் இருக்கு" என்றாள், பக்கத்தில் நகம் கடித்துக்கொண்டிருந்த மகள்.

"போறது என் சாதனைடி!"

நடுவர் குனிந்து பார்த்தார். அட்டையை எடுக்கவில்லை. இளைஞன் கோட்டைக் கடந்தான். பலகையில் 'புதிய சாதனை' என்று மின்னியது.

ரெண்டு காலும் தரையில் படாமல் குதித்தாள் மகள்.

மூச்சிரைக்க நேராக அவரிடம் வந்து நின்றான் இளைஞன்.

"உங்க சாதனையை முறியடிச்சுட்டு வந்து பொண்ணு கேக்கச் சொன்னீங்களே சார்... இனிமே மாமான்னு கூப்பிடலாமா?"