வஹ்யுவின் சட்டைப் பொத்தான்கள்

பத்து நிமிடத்தில் மூன்றே பொத்தான். இன்றும் அலுவலகத்துக்குத் தாமதம்தான் என்று ராத்ரி நினைத்தாள். எதிரே அவள் கணவன் வஹ்யு, வெள்ளிக்கிழமை பாத்திக் சட்டையில், கைகளைத் தொங்கவிட்டு நின்றிருந்தான்.

“பக்கவாத ஆராய்ச்சிக்கு வந்த பொண்ணு ஏதோ சொன்னான்னு தினமும் இந்தக் கூத்தா?” என்றாள் மாமியார்.

“எந்த வேலை திரும்பச் செய்ய ஆசைன்னு அந்தப் பொண்ணு கேட்டா. இவ என் சட்டைப் பொத்தானைச் சொன்னா. எனக்குக் கை நல்லாத்தான் இருக்கும்மா. இவ கைக்குத்தானே பயிற்சி!”

ராத்ரியின் மரத்த விரல்கள் நான்காவது பொத்தானைத் தடவின. ஆறு மாதமாக ஒருநாளும் அவன் சலித்துக்கொண்டதில்லை.

“இவனைக் கூட்டிப்போற ஓஜெ பைக் டாக்ஸிக்காரன் வாசல்ல ஹாரன் அடிக்கிறான். நகரும்மா, மிச்சத்தை நான் போட்டு விடறேன்” என்று மாமியார் கை நீட்டினாள்.

வஹ்யு ராத்ரியின் பக்கமே நின்றான். அவள் கணவனை நன்றியோடு நிமிர்ந்து பார்த்தாள்.

“வேண்டாம் அத்தை” என்றாள் மெதுவாக.