ஏற்காத ராஜினாமா

அவருடைய ராஜினாமாவை மட்டும் ஏற்றுக்கொள்ளவில்லை.

ஆட்சி மாறினால் அரசு வக்கீல்கள் எல்லோரும் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுவது வழக்கம். மற்றவர்களை அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இத்தனைக்கும் புது அமைச்சர்மேல் உள்ள கொலை வழக்கை நடத்துகிறவரே இவர்தான். மணல் லாரியை மறித்தவன்மேல் லாரியை ஏற்றச் சொன்ன வழக்கு.

சந்தேகப்பட்டார்.

அமைச்சர் வீட்டிலிருந்து மைசூர்பாகு வந்தது. ஒரு துண்டைக் காக்கைக்கு வைத்துப் பார்த்தார். தின்றது. போய்ச் சம்சாரத்தையும் கூட்டிக்கொண்டு வந்தது.

சந்தேகம் கூடியது.

அவர் அறையில் பல வருடமாகச் செத்துக் கிடந்த ஏ.சி.யை யாரோ சரிசெய்திருந்தார்கள். அந்தக் குளிரில் சுவரிலிருந்த பல்லி போர்வை கேட்டதாம். நான் பார்க்கவில்லை. குமாஸ்தா சத்தியம் செய்கிறார்.

வழக்குக்கு ஆள் கூப்பிடும் டவாலி வணக்கம் வைத்தார். அந்தக் கோர்ட்டில் டவாலி தானாக வணக்கம் வைத்தால் மழை வரும்.

வந்தது.

வாய்தா அன்று வராந்தாவில் சிகப்பாயி நனைந்து நின்றிருந்தாள். லாரி ஏறிச் செத்தவனின் மனைவி. எந்த வாய்தாவுக்கும் அவள் வராமல் இருந்ததில்லை.

"எல்லாரையும் தூக்கிட்டாங்களாமுல்ல. ஒங்கள மட்டும் ஏஞ்சாமி விட்டு வச்சிருக்காக?"

அதே சந்தேகத்தோடு உள்ளே போனார்.

அமைச்சரின் வக்கீல் நெருங்கி வந்து உட்கார்ந்தார். காதோடு பேசினார்.

"கேஸ வாபஸ் வாங்கணும்னா அரசு வக்கீல்தாண்ணே மனுப் போடணும். புதுசா ஒருத்தன் வந்து கேட்டா ஜட்ஜ் நம்புவாரா? இத்தன வருசம் தொண்ட கிழியக் கத்துன நீங்க கேட்டா, அது வேற. மெட்ராஸ்ல அட்வகேட் ஜெனரல் நாற்காலி இன்னும் காலியாத்தாண்ணே இருக்கு."

மனுவை இவர் கையில் வைத்தார். அழகாக டைப் அடித்திருந்தார்கள். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

அப்பாடா என்றிருந்தது அவருக்கு. ஒரு வழியாகச் சந்தேகம் தீர்ந்தது.

வழக்கைக் கூப்பிட்டார்கள்.

எழுந்தார்.

கூண்டுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அமைச்சர், அவரைப் பார்த்துக் கும்பிட்டார்.

கடைசி பெஞ்சில் சிகப்பாயி கும்பிடவில்லை. அவருடைய வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவரும் குனிந்து பார்த்தார்.

கையில் பேனா. மூடி திறந்திருந்தது.

திறந்ததாக அவருக்கு ஞாபகம் இல்லை.