இரண்டாவது கட்டம்

மிளகு விற்கும் பொன்னனுக்குச் சங்கீதாவும் அவள் கணவன் முரளியும் சேர்ந்து செய்து கொடுத்த வெப்சைட் அது. பக்கத்தின் அடியில், செய்தவர்கள் பெயர் ஆளுக்கொரு கட்டத்தில் இருந்தது.

“என் போன்ல அடியில ஒரு பாதி காலியா கெடக்குதுங்க,” என்று மலைமேல் இருக்கும் திண்ணனூர் நாடு என்ற ஊரிலிருந்து போனில் பேசினார் பொன்னன்.

“அவரு பிரவுசரு பழசு. கட்டத்தச் சுத்தி வர்ற பார்டரை ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி போடும். உட்டுத்தள்ளு கண்ணு,” என்றான் முரளி.

சங்கீதாவுக்கு மனசு கேட்கவில்லை. எந்த பிரவுசரிலும் பார்டர் ஒரே மாதிரி விழும்படி மாற்றி எழுதிவிட்டு, காரவள்ளியில் பஸ் ஏறி மலைக்குப் போனாள்.

பொன்னன் போனை நீட்டினார். இரண்டு கட்டமும் பளிச்சென்று தெரிந்தன. ஒன்றில் முரளி. இன்னொன்று வெறுங்கட்டம்.

“ஏனுங்க அம்மிணி, உங்களுக்கும் இதெல்லாம் வருமுங்களா? தம்பி தனியாத்தான் செஞ்சேன்னு சொன்னாப்ல. வெப்சைட்டு வேணும்னு கேட்ட அரியூர் நாட்டு ஆளுகளையும் அவருகிட்டத்தான் போகச் சொன்னேன்.”

அங்கேயே லேப்டாப்பைத் திறந்தாள். பொன்னனின் பிரவுசரில் மட்டும் அவள் பெயரையும் பார்டரையும் மறைக்கச் சொல்லும் ஒரு வரி புரோகிராமில் இருந்தது. அவள் எழுதாத வரி. அவள் மீட்டது பார்டரை மட்டுந்தான். வீட்டுக் கம்ப்யூட்டரிலோ அவள் பெயர் ஒருநாளும் மறைந்ததில்லை.

போன் அடித்தது. முரளி.

“கட்டம் சரியாயிருச்சா கண்ணு?”

“நாலு பக்கமும் கச்சிதமா இருக்குதுங்க. உள்ளதான் என்னைக் காணோம்.”