காய்த்த விரல்

விக்டோரியா ஏரிக்கரையில் மத்தியான வெயில் காய்கிறது. பழைய வலையை விரித்து, அதன்மேல் ஒமெனாப் பொடிமீன்களைப் பரப்பிக்கொண்டிருக்கிறாள் அகெயோ. மீன்கள் வெள்ளியாய் மினுங்குகின்றன. கவிழ்த்த படகின் நிழலில் அவள் புருஷன் ஒலுவோச் கிழிந்த வலைக்கு முடிச்சுப் போடுகிறான். “என்ன கொழுந்தனாரே, முகாமுக்குப் போயி முன்தோலை வெட்டிக்கிட்டு வந்தீங்களே, ராத்திரி சங்கதியெல்லாம் எப்படி? உங்க அண்ணனையும் அனுப்பலாமா?” என்று மீனைப் புரட்டியபடியே கேட்கிறாள் அவன் அண்ணி அடோயோ. “என்னை ஏன் கேக்கறீங்க அண்ணி? அவ மூஞ்சியப் பாருங்க, தெரியும்.” அடோயோ இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். அகெயோவின் கை மீன்மேல் அப்படியே நின்றுவிடுகிறது. “நம்ம ஜனத்துல பெரியவனானதுக்கு அடையாளமா கீழ்ப்பல்லைத்தான் புடுங்குவாங்க, இதையெல்லாம் வெட்ட மாட்டாங்க” என்று அவன் மறுத்தபோது, எய்ட்ஸ் நோய் எளிதில் அண்டாது, போய்விட்டு வா என்று நச்சரித்தவள் அவள்தான். புண் ஆறியபின் அவளுக்கு முன்னைவிட நன்றாகவே இருக்கிறது. நேற்று அதை அவன் காதில் வெட்கத்தோடு சொல்லவும் செய்தாள். “எனக்கு, வலை இழுத்துக் காய்ச்சுப்போன விரலால தொடுற மாதிரி இருக்கு” என்றான் அவன், யார்மேலும் குறையில்லாத குரலில். “அப்ப நாளைக்கே உங்க அண்ணனை அனுப்பிடறேன்!” என்கிறாள் அடோயோ. வேண்டாம் என்று சொல்ல அகெயோ வாயெடுக்கிறாள். ஒலுவோச் போட்ட முடிச்சைக் கட்டைவிரலால் தடவுகிறான். விரலுக்குப் பிடிபடவில்லை போலும், உதட்டில் வைத்து உரசிப் பார்க்கிறான். பிறகு அவளை நிமிர்ந்து பார்த்து, “சிரி, அண்ணி பாக்கறாங்க” என்கிறான் மெதுவாக. அகெயோ சிரிக்கிறாள்.